ஒரு மான் கத்தினால் எத்தனை மான் கத்தும்? எச்சரிக்கைக் குரலை வகைக்கெழுச் சமன்பாட்டில் எழுதும் வழி

பன்னிரண்டாம் வகுப்புக் கணக்கில் ‘சாதாரண வகைக்கெழுச் சமன்பாடுகள்’ என்று ஒரு பாடம் வரும். சூடான பொருள் ஆறுவது, பாக்டீரியா பெருகுவது, கதிரியக்கம் குறைவது என்று நாலு கணக்குப் போட்டுவிட்டுத் தேர்வோடு மறந்துவிடுவோம். அந்த அளவு ஞாபகம் இருந்தால் போதும். கூடவே எக்செல், கூகுள் ஷீட்ஸ் என்று ஏதாவது ஒரு விரிதாள் இருந்தால், விலங்குகளின் எச்சரிக்கைக் குரலுக்கு ஒரு கணித மாதிரியை ஒரே உட்காரலில் அமைத்துவிடலாம்.

எடுத்துக்கொள்ளும் காட்சி முதுமலையில் அடிக்கடி காண்பதுதான். புல்வெளியில் புள்ளிமான் கூட்டம் மேய்கிறது. ஒரு மான் சிறுத்தையைப் பார்த்துவிடுகிறது. வாலைத் தூக்கி, முன்னங்காலால் தரையைத் தட்டி, கூர்மையாகக் கத்துகிறது. பக்கத்து மான்கள் மேய்ச்சலை விட்டுத் தலை தூக்குகின்றன. அவற்றில் சில தாங்களும் கத்தத் தொடங்குகின்றன. இந்தச் சில மான்கள் சிறுத்தையைப் பார்க்கவே இல்லை, குரலை மட்டும்தான் கேட்டன. நம் கணக்கு முழுக்க இந்த இடத்தில்தான் தொடங்குகிறது.

படி 1: கேள்வியையும் கடிகாரத்தையும் முடிவு செய்யுங்கள்

எச்சரிக்கைக் குரலைப் பற்றி இரண்டு விதமாகக் கேட்கலாம். ஒரு கூட்டத்துக்குள் குரல் எப்படிப் பரவுகிறது என்பது ஒன்று. அது நொடிக் கணக்கு. கத்துகிற விலங்கு தன் இடத்தைக் காட்டிக்கொடுத்துவிடுகிறது, அப்படியிருக்க இந்தப் பழக்கம் ஓர் இனத்தில் எப்படி நிலைத்தது என்பது இன்னொன்று. அது தலைமுறைக் கணக்கு.

புதிதாக வருபவர்கள் ஆர்வத்தில் இரண்டையும் ஒரே சமன்பாட்டுத் தொகுப்பில் அடைத்துவிடுவார்கள். அது வேண்டாம். ஒரு நிமிடத்தில் எழும்பி அடங்குகிற ஒன்றையும் ஐம்பது தலைமுறையில் நகர்கிற ஒன்றையும் ஒரே நேர அச்சில் வைத்தால் கணினியும் திணறும், வருகிற வரைபடமும் எதையும் சொல்லாது. நொடிக் கணக்கைத் தனியாகப் போடுங்கள். அது முடிந்த பிறகு தலைமுறைக் கணக்குக்குள் நுழையுங்கள். இந்தக் கட்டுரையும் அந்த வரிசையில்தான் போகிறது.

குரலில் வகைகள் இருக்கும் என்பதும் உண்மை. கென்யாவின் அம்போசெலியில் வெர்வெட் குரங்குகள் சிறுத்தைக்கு ஒரு குரல், கழுகுக்கு ஒரு குரல், பாம்புக்கு ஒரு குரல் என்று வைத்திருப்பதை சைஃபார்த், செனி, மார்லர் மூவரும் 1980-இல் ஒலிப்பதிவைப் போட்டுக்காட்டி நிரூபித்தார்கள். சிறுத்தைக் குரல் கேட்டால் மரத்துக்கு ஓட்டம், கழுகுக் குரலுக்கு மேலே பார்வை, பாம்புக் குரலுக்கு நிமிர்ந்து நின்று தரையைப் பார்ப்பது. ஆனால் முதல் மாதிரியில் ஒரே குரல், ஒரே ஆபத்து என்று வைத்துக்கொள்வதே நல்லது.

படி 2: பெட்டிகள் போடுங்கள்

நாற்பது மான்கள் உள்ள கூட்டம் என்று வைப்போம். முதலில் இரண்டே பெட்டி. அமைதியாக மேய்பவை ‘அ’, குரல் கொடுப்பவை ‘கு’. அமைதியான மான் குரல் கேட்டால் இரண்டாம் பெட்டிக்குப் போகும். கத்தி ஓய்ந்தால் முதல் பெட்டிக்குத் திரும்பும். நேரத்தைப் பொறுத்து மாறும் வீதத்தை மேலே ஒரு கோடு போட்டுக் குறித்தால்:

கு′ = ப × அ × கு ÷ 40 − நி × கு

‘ப’ என்பது பரவும் வீதம், ‘நி’ என்பது நிறுத்தும் வீதம். முதல் உறுப்பில் அ-வையும் கு-வையும் ஏன் பெருக்குகிறோம்? கத்துபவை இரண்டு மடங்கானால் தூண்டுதல் இரண்டு மடங்கு. கேட்கக் காத்திருப்பவை பாதியானால் புதிதாகச் சேர்பவையும் பாதி. இரண்டில் ஒன்று சுழியமானால் பரவலும் சுழியம். இந்த மூன்றையும் ஒரே அடியில் சொல்லும் எளிய வடிவம் பெருக்கல்தான். இரண்டாம் உறுப்பு அதைவிட எளிது: எத்தனை மான் கத்துகிறதோ, அதில் ஒரு பங்கு நொடிக்கு நொடி ஓய்கிறது.

ப = 0.1, நி = 0.05 என்று போட்டு, மாற்றம் நிற்கும் இடத்தைத் தேடுங்கள். கு′ = 0 என்று வைத்தால் அ = 20 வரும். அதாவது 20 மான்கள் மேயும், மற்ற 20 மான்கள் கத்தும். அதுவும் ஒரு நிமிடம் இரண்டு நிமிடம் அல்ல, விடிய விடிய. சிறுத்தை எப்போதோ போய்விட்டிருக்கும், கூட்டம் மட்டும் ஒன்றையொன்று கிளப்பிவிட்டுக்கொண்டே இருக்கும். எந்தக் காட்டிலும் இப்படி நடப்பதில்லை.

இந்த அபத்தமான விடையைப் பார்த்து மாதிரியைத் தூக்கிப் போட வேண்டியதில்லை, உண்மையில் நமக்கு வேண்டியது இதுதான். எந்த அனுமானம் தப்பு என்று அதுவே காட்டிக்கொடுக்கிறது. கத்தி ஓய்ந்த மான் உடனே பழையபடி ஆகிவிடுவதாக நாம் எழுதிவிட்டோம். நிஜத்தில் அது ஏற்கெனவே சுற்றும் பார்த்துவிட்டது, ஆபத்து எங்கே என்று கணித்துவிட்டது. அதே குரலுக்கு அடுத்த சில நிமிடங்களுக்கு மறுபடி கத்தாது. ஆகவே மூன்றாவது பெட்டி ஒன்று வேண்டும்: கத்தி விட்டவை, ‘வி’.

அ′ = − ப × அ × கு ÷ 40
கு′ = ப × அ × கு ÷ 40 − நி × கு
வி′ = நி × கு

தொற்றுநோய்க் கணக்குத் தெரிந்தவர்களுக்கு இது பழைய முகம். கெர்மாக்கும் மெக்கென்ட்ரிக்கும் 1927-இல் நோய்ப் பரவலுக்கு எழுதிய மாதிரியின் எளிய வடிவமே இது. மூன்று வரிகளையும் கூட்டினால் சுழியம் வர வேண்டும், ஏனென்றால் மான் எங்கிருந்தும் முளைக்கவில்லை, எங்கும் மறையவுமில்லை. எந்த மாதிரி எழுதினாலும் இந்தக் கூட்டலை முதலில் போட்டுப் பாருங்கள். பாதிப் பிழைகள் அங்கேயே மாட்டும்.

அடுத்தது அலகு. கு′ என்பது ‘நொடிக்கு இத்தனை மான்’. வலப்பக்கத்தின் ஒவ்வொரு உறுப்பும் அதே அலகில் இருக்க வேண்டும். ப-வும் நி-யும் ‘ஒரு நொடிக்கு’ என்ற அலகு கொண்டவை. அ × கு ÷ 40 என்பது மான் கணக்கு. சரி, பொருந்துகிறது.

அந்த 40-ஆல் வகுப்பதைப் பற்றி ஒரு வார்த்தை. அப்படி வகுத்தால், கூட்டத்தில் எத்தனை சதவீதம் கத்துகிறது என்பதைப் பொறுத்து மான் எதிர்வினை செய்வதாகப் பொருள். மானின் குரல் வெகுதூரம் கேட்கும், எனவே சதவீதத்தைவிட எத்தனை குரல் காதில் விழுகிறது என்பதே முக்கியம் என்று வாதிடலாம். எனக்கும் அதுதான் சரியென்று படுகிறது. ஒரே அளவுக் கூட்டத்தை மட்டும் பார்க்கும்வரை இரண்டும் ஒன்றே. ஆனால் ‘பெரிய கூட்டத்தில் குரல் வேகமாகப் பரவுமா’ என்று கேட்கத் தொடங்கினால் இந்த வகுத்தல்தான் விடையைத் தீர்மானிக்கும். அப்போது யோசிக்காமல் எழுதிவிடாதீர்கள்.

படி 3: எண்களைக் காட்டிலிருந்து எடுங்கள்

மேலே போட்ட 0.1, 0.05 இரண்டும் கணக்குக்காக நான் வைத்துக்கொண்டவை. உங்கள் எண்களை எடுக்க ஒரு கைப்பேசி ஒளிப்பதிவு போதும்.

நி-யைக் கண்டுபிடிப்பது சுலபம். ஒரு மான் கத்தத் தொடங்கியதிலிருந்து நிறுத்தும்வரை சராசரியாக எத்தனை நொடி என்று எண்ணுங்கள். 20 நொடி என்றால் நி = 1 ÷ 20 = 0.05.

ப-வை நேரடியாக அளக்க முடியாது, சுற்றுவழியில் பிடிக்க வேண்டும். ஆரம்பத்தில் கிட்டத்தட்ட எல்லா மானும் அமைதியாக இருப்பதால் அ ÷ 40 என்பது ஏறக்குறைய 1. அப்போது கு′ = (ப − நி) × கு ஆகிவிடும். இது பாடப்புத்தகத்தில் வந்த பாக்டீரியாக் கணக்கேதான். கத்தும் மான்களின் எண்ணிக்கை எத்தனை நொடியில் இரட்டிப்பாகிறது என்று பாருங்கள். 14 நொடி என்றால் 0.693 ÷ 14, அதாவது சுமார் 0.05. இதுதான் ப − நி. அதோடு நி-யைக் கூட்டினால் ப = 0.1.

ஒளிப்பதிவில் எந்த மான் கத்துகிறது என்று பிரித்தறிவது லேசான வேலை இல்லை. வாய் அசைவும் வயிற்றுத் துடிப்பும் தெரிகிற தூரத்தில் இருந்தால்தான் முடியும். முடியாவிட்டால் கத்துபவைக்குப் பதிலாக ‘தலை தூக்கியவை’ என்று பெட்டியின் பொருளையே மாற்றிக்கொள்ளுங்கள். எண்ண முடியாத ஒன்றுக்குப் பெட்டி போடுவதில் பயனில்லை.

படி 4: விரிதாளில் ஓடவிடுங்கள்

இந்தச் சமன்பாடுகளைக் கையால் தீர்த்து ஒரு நேர்ச் சூத்திரம் எழுத முயல வேண்டாம். ஆய்லர் முறை போதும்: இப்போதைய நிலையிலிருந்து வீதத்தைக் கணக்கிடு, சிறிய நேரத் துண்டால் பெருக்கு, பழைய எண்ணோடு சேர், அடுத்த வரிக்குப் போ.

நேரத் துண்டு 5 நொடி. தொடக்கத்தில் அ = 39, கு = 1, வி = 0.

புதிதாகக் கத்தத் தொடங்குபவை: 0.1 × 39 × 1 ÷ 40 × 5 = 0.4875. ஓய்பவை: 0.05 × 1 × 5 = 0.25. எனவே 5-ஆம் நொடியில் அ = 38.51, கு = 1.24, வி = 0.25.

அதே வேலையை மறுபடி செய்தால் 10-ஆம் நொடியில் அ = 37.92, கு = 1.52, வி = 0.56. பதினைந்தாம் நொடியில் 37.19, 1.87, 0.94. ஒவ்வொரு வரியிலும் மூன்றையும் கூட்டினால் 40 வருகிறதா என்று பார்க்க நான்காவதாக ஒரு நெடுவரிசை வைத்துவிடுங்கள். சூத்திரத்தைக் கீழே இழுத்துவிட்டால் ஐந்து நிமிடக் கதை அறுபது வரியில் வந்துவிடும்.

நேரத் துண்டைப் பெரிதாக வைத்தால் என்ன ஆகும் என்று ஒரு முறை வேண்டுமென்றே செய்து பாருங்கள். 5 நொடிக்குப் பதில் 50 நொடி போட்டால், மூன்றாவது அடியிலேயே அமைதியான மான்களின் எண்ணிக்கை மைனஸ் 3-க்கும் கீழே இறங்கும். சமன்பாட்டில் தவறில்லை, நாம் வைத்த அடிதான் அகலம். துண்டைப் பாதியாக்கியும் விடை பெரிதாக மாறவில்லை என்றால்தான் அதை நம்பலாம். பைத்தான் தெரிந்தவர்கள் சைபை தொகுப்பில் உள்ள தீர்வுக் கருவியைப் பயன்படுத்தலாம், துண்டின் அளவை அதுவே பார்த்துக்கொள்ளும். ஆனாலும் முதல் முறை விரிதாளிலேயே செய்யுங்கள். எண் எங்கிருந்து எங்கே நகர்கிறது என்பது அதில்தான் கண்ணுக்குத் தெரியும்.

படி 5: விடையைப் படியுங்கள், அப்புறம் சந்தேகப்படுங்கள்

வரைபடத்தில் கு மெல்ல ஏறி, உச்சத்தில் ஒரே நேரத்தில் 6 அல்லது 7 மான்கள் கத்தும் நிலையைத் தொட்டு, பிறகு இறங்கிச் சுழியத்தை நெருங்கும். அ மட்டும் சுழியத்துக்கு வராது. சுமார் 8 மான்கள் கடைசிவரை கத்தவே கத்தாது. அவை செவிடு அல்ல. அவற்றின் முறை வருவதற்குள் கத்துபவை குறைந்துபோய், குரல் அடங்கிவிட்டது.

இந்தப் படத்தை ஆட்டிவைக்கும் எண் ஒன்றே ஒன்று: ப ÷ நி. ஒரு மான் தான் கத்தும் காலத்துக்குள் சராசரியாக எத்தனை மான்களைக் கத்த வைக்கிறது என்பதே அது. நம் கணக்கில் 2. அது 1-க்குக் கீழே இருந்தால் குரல் எழுந்த இடத்திலேயே அடங்கும். மேலே போகப் போகப் பரவல் கூடும், ஆனால் நேர்விகிதத்தில் இல்லை: 1.5 என்றால் பெரிய கூட்டத்தில் 58 சதவீதம், 2 என்றால் 80 சதவீதம், 3 என்றால் 94 சதவீதம். ஒன்றிலிருந்து ஒன்றரைக்குப் போவதில் கிடைக்கும் லாபம் இரண்டிலிருந்து மூன்றுக்குப் போவதில் இல்லை. வெறும் கண்ணால் கூட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தால் இது பிடிபடாது. சமன்பாடு எழுதும் சிரமத்துக்குக் கிடைக்கும் முதல் கூலி இது.

இப்போது சந்தேகம். பத்தாம் நொடியில் 1.52 மான் கத்துகிறது என்று எழுதினோமே, அரை மான் எப்படிக் கத்தும்? இது ஏதோ தசமப் புள்ளிச் சிக்கல் என்று நினைத்துக் கடந்துவிடக் கூடாது. வகைக்கெழுச் சமன்பாடு சராசரியைத்தான் சொல்லும். ப ÷ நி 1-ஐத் தாண்டினால் குரல் நிச்சயமாகப் பரவும் என்று அது அடித்துச் சொல்லும். நிஜத்தில் முதல் மான் வேறு எதையும் தூண்டாமலே ஓய்ந்துவிடலாம்.

ஒரு பகடையை எடுங்கள். ஒரு மான் கத்திக்கொண்டிருக்கிறது. 1 அல்லது 2 விழுந்தால் ஒரு மான் ஓய்கிறது. 3 முதல் 6 வரை விழுந்தால் இன்னொன்று சேர்கிறது. ப ÷ நி = 2 என்பதற்கு இதுவே சரியான விகிதம். எண்ணிக்கை சுழியத்தைத் தொட்டாலோ 10-ஐத் தொட்டாலோ ஆட்டம் முடிந்தது. பல முறை ஆடிப் பாருங்கள், ஏறக்குறையப் பாதி ஆட்டங்கள் சுழியத்தில் முடியும். அதாவது சமன்பாடு ‘32 மான் கத்தும்’ என்று சொல்லும் இடத்தில், இரண்டில் ஒரு தடவை ஒன்றிரண்டு மானோடு எல்லாம் அடங்கிவிடும். மூன்று மான்கள் ஒரே நேரத்தில் சிறுத்தையைப் பார்த்துவிட்டால் அடங்கும் வாய்ப்பு எட்டில் ஒன்றாகக் குறையும்.

எனவே சிறிய கூட்டம், ஒற்றைக் குரல் என்றால் வகைக்கெழுச் சமன்பாட்டை மட்டும் நம்பி முடிவு எழுதாதீர்கள். இந்தப் பகடை ஆட்டத்தைக் கணினியில் ஆடும் முறைக்குக் கில்லெஸ்பி முறை என்று பெயர். சமன்பாடு பழகிய பிறகு அதைக் கற்றுக்கொள்வது நல்லது.

படி 6: கடிகாரத்தை மாற்றுங்கள்

இனி தலைமுறைக் கணக்கு. இதற்கு மானை விட்டுவிட்டு, தரவு நன்றாக உள்ள ஒரு விலங்குக்குப் போகலாம்: அமெரிக்காவின் கலிஃபோர்னியாவில், சியரா நெவாடா மலையின் டையோகா கணவாய்ப் புல்வெளியில் வாழும் பெல்டிங் தரை அணில். பால் ஷெர்மன் அவற்றுக்கு அடையாளமிட்டு, யார் யாருக்கு உறவு என்று பின்தொடர்ந்து, 1977-இல் முடிவுகளை வெளியிட்டார். நரிக் குடும்பத்து விலங்கோ மரநாய் வகையோ தரைவழியாக வந்தால் சில அணில்கள் நின்று குரல் கொடுத்தன. குரல் கொடுத்தவற்றில் 13 சதவீதத்தை வேட்டை விலங்கு துரத்தியது. சும்மா இருந்தவற்றில் 5 சதவீதத்தைத்தான். ஆக, கத்துவது ஆபத்து என்பது வெறும் ஊகம் இல்லை.

கூட்டத்தில் குரல் கொடுக்கும் பழக்கமுள்ளவற்றின் பங்கு ‘கூ’ என்று வைப்போம், 0 முதல் 1 வரை. பழக்கமுள்ளவை பழக்கமில்லாதவற்றைவிட அதிகம் பிழைத்தால் கூ ஏறும், இல்லாவிட்டால் இறங்கும்:

கூ′ = கூ × (1 − கூ) × (கத்துபவற்றின் ஆதாயம் − கத்தாதவற்றின் ஆதாயம்)

டெய்லரும் யோங்கரும் 1978-இல் எழுதிய நகல்பெருக்கச் சமன்பாடு இதுதான். முன்னால் இருக்கும் கூ × (1 − கூ) எதற்கு? ஒரு பழக்கம் கூட்டத்தில் இல்லவே இல்லை என்றாலோ எல்லோரிடமும் இருந்தாலோ தேர்வதற்கு எதுவும் இல்லை, மாற்றம் நின்றுவிடும்.

உறவு பார்க்காமல் எல்லாம் கலந்து வாழ்ந்தால், குரலின் நன்மை கத்தியவைக்கும் கத்தாதவைக்கும் சமமாகப் போகும். வித்தியாசத்தில் நன்மை அடிபட்டு, மிஞ்சுவது கத்துபவரின் இழப்பு மட்டுமே. கூ சுழியத்துக்குச் சரியும். எவ்வளவு பெரிய நன்மையாக இருந்தாலும் சரியும், இதைக் கவனியுங்கள்.

காப்பாற்றுவது சொந்தம். பக்கத்தில் இருப்பது மகளும் சகோதரியும் என்றால், அவர்கள் பிழைத்தாலும் அந்தப் பழக்கம் பிழைக்கும். உறவு விகிதத்தால் பெருக்கிய நன்மை இழப்பைத் தாண்டினால் பழக்கம் பரவும் என்று 1964-இல் உயிரியலாளர் ஹாமில்டன் தந்த விதியை உள்ளே போட்டால்:

கூ′ = கூ × (1 − கூ) × (உ × ந − இ)

‘உ’ உறவு விகிதம், தாய்க்கும் மகளுக்கும் 0.5. ‘ந’ சொந்தங்களுக்குக் கிடைக்கும் நன்மையின் கூட்டுத்தொகை. ‘இ’ கத்துபவரின் இழப்பு.

ஷெர்மனின் எண்ணை எடுத்துப் போட்டுப் பார்ப்போம். துரத்தப்படும் வாய்ப்பில் வித்தியாசம் 13 − 5, அதாவது 0.08. அதை அப்படியே ‘இ’ என்று எழுதிவிடக் கூடாது. துரத்தப்பட்டதெல்லாம் சாகவில்லை. துரத்தினால் பாதி சாகும் என்று ஒரு அனுமானம் வைத்தால் இ = 0.04. உ = 0.5 என்றால், ந 0.08-ஐத் தாண்டினால் போதும், பழக்கம் பரவும். நான்கு நெருங்கிய சொந்தங்கள் பக்கத்தில் இருந்து, குரலால் ஒவ்வொன்றின் பிழைப்பு வாய்ப்பும் 2 சதவீதம் கூடினால் சரியாக எல்லைக்கோட்டில் நிற்கும். ஐந்தாவது ஒன்று இருந்தால் கோட்டைத் தாண்டிவிடும்.

ஆண் அணில்கள் பிறந்த இடத்தை விட்டுப் போய்விடும், பெண்கள் தாய்வீட்டுப் பக்கத்திலேயே தங்கும். ஆணுக்குச் சுற்றிலும் அந்நியர்கள், உ ஏறக்குறையச் சுழியம், அடைப்புக்குள் எதிர்மறை. பெண்ணுக்கு நேர்மறை. களத்தில் ஷெர்மன் கண்டதும் அதுவே: அதிகம் குரல் கொடுத்தவை பெண்கள், அவற்றிலும் சொந்தம் உயிரோடு உள்ளவை. பருந்து வந்தால் கதை வேறு. அப்போது விசில் அடித்து ஓடியவை தப்பின, சும்மா இருந்தவையே அதிகம் சிக்கின. அங்கே ‘இ’ எதிர்மறை, உறவே தேவையில்லை. ஒரே விலங்கு, இரண்டு குரல், இரண்டு கணக்கு. படி 1-இல் ஒரே குரலோடு தொடங்குங்கள் என்றது இதனால்தான்.

படி 7: யாராவது கத்துவார்கள் என்ற நினைப்பு

மேலே உள்ள சமன்பாட்டுக்கு ஒரு குறை உண்டு. விடை 0 அல்லது 1 மட்டும்தான், நடுவில் நிற்காது. நிஜத்தில் எல்லாக் கூட்டத்திலும் கத்துபவையும் இருக்கும், கத்தாதவையும் இருக்கும். என்ன விட்டுப்போயிற்று? ஏற்கெனவே ஒருவர் கத்திவிட்டால் இரண்டாவது குரலுக்கு மதிப்புக் குறைவு என்பது விட்டுப்போயிற்று.

கூட்டத்தில் ‘எ’ பேர். நான் கத்துவதால் பலன் வருவது மற்ற எ − 1 பேரும் வாய்மூடி இருக்கும்போது மட்டும்தான் என்று வைத்தால், அதற்கான வாய்ப்பு (1 − கூ)-இன் (எ − 1)-ஆம் அடுக்கு. அதை ‘வா’ என்போம். உறவுக் கணக்கை ந-க்குள்ளேயே போட்டுவிட்டால்:

கூ′ = கூ × (1 − கூ) × (ந × வா − இ)

கூ ஏறினால் வா இறங்கும். அதனால் கத்துபவை குறைவாக இருக்கும்போது அடைப்பு நேர்மறை, அதிகமாகும்போது எதிர்மறை. எந்தப் பக்கம் விலகினாலும் நடுவுக்கே திரும்பும். அந்த நடுப்புள்ளி வா = இ ÷ ந ஆகும் இடம்.

இழப்பு நன்மையில் பத்தில் ஒரு பங்கு என்று வைத்துப் போடுங்கள். இரண்டு பேர் உள்ள கூட்டத்தில் கூ 0.9. ஐந்து பேரில் 0.44. பத்துப் பேரில் 0.23. நாற்பது பேரில் வெறும் 0.06. ஆள் கூடக் கூட ஒவ்வொருவரும் வாய்மூடுகிறார்கள். சரி, தலைக்குக் குறைந்தாலும் தலைகள் அதிகமாயிற்றே, யாராவது ஒருவர் கத்திவிடுவார் இல்லையா? அதையும் கணக்கிடுங்கள். ஒருவருமே கத்தாமல் போகும் வாய்ப்பு இரண்டு பேரில் 1 சதவீதம், ஐந்து பேரில் 5.6, நாற்பது பேரில் 9.4. பெரிய கூட்டத்தில்தான் சத்தமே இல்லாமல் போகும் வாய்ப்பு அதிகம். ராஜா இரவில் ஆளுக்கொரு குடம் பால் ஊற்றச் சொல்லி, விடிந்து பார்த்தால் குளம் முழுக்கத் தண்ணீராக இருந்த கதைதான்.

இந்த முடிவைக் கையில் வைத்துக்கொண்டு ‘பெரிய மான் கூட்டம் ஆபத்தானது’ என்று எழுதப் புறப்பட வேண்டாம். நாற்பது ஜோடிக் கண்கள் பத்து ஜோடியைவிடச் சீக்கிரம் சிறுத்தையைப் பார்க்கும் என்பது இந்தச் சமன்பாட்டில் எங்கும் இல்லை. கூட்டத்தில் ஒன்றாக இருப்பதால் தலைக்கு வரும் ஆபத்துக் குறையும் என்பதும் இல்லை. வேண்டுமென்றால் ‘இ’-ஐ மாறிலியாக வைக்காமல் எ பெரிதாகப் பெரிதாகக் குறைவதாக எழுதிப் பாருங்கள். இழப்பு எ-க்கு எதிர்விகிதத்தில் குறைந்தால் மேலே உள்ள வரிசை என்ன ஆகிறது என்பது நல்ல வீட்டுப்பாடம்.

படி 8: பொய்க் குரல்

கடைசியாக ஒரே வரிச் சமன்பாடு. விருப்பமிருந்தால் செய்யுங்கள். கேட்பவரின் நம்பிக்கை ‘நம்’, 0 முதல் 1 வரை. மெய்க் குரல்கள் அதை ‘மெ’ என்ற வீதத்தில் ஏற்றும், பொய்க் குரல்கள் ‘பொ’ என்ற வீதத்தில் இறக்கும்:

நம்′ = மெ × (1 − நம்) − பொ × நம்

நிலைக்கும் இடம் மெ ÷ (மெ + பொ). பத்துக் குரலில் ஒன்றுதான் மெய், ஒவ்வொரு குரலுக்கும் ஒரே எடை என்றால் நம்பிக்கை 0.1. ஆனால் மெய்க் குரலை அலட்சியம் செய்தால் உயிர் போகும், பொய்க் குரலுக்கு ஓடினால் ஒரு வாய்த் தீனிதான் போகும். ஒரு மெய்க் குரலுக்குப் பத்து மடங்கு எடை கொடுங்கள்: 10 ÷ (10 + 9), அதாவது 0.53. பத்தில் ஒன்பது பொய் என்று தெரிந்தும் பாதிக்கு மேல் நம்புகிறார்கள், அதில் முட்டாள்தனமும் இல்லை.

இந்த இடைவெளியில் பிழைப்பு நடத்தும் பறவை ஒன்று கலஹாரியில் உண்டு, நம்மூர் இரட்டைவால் குருவியின் ஆப்பிரிக்கச் சொந்தம். மீர்கேட் (கீரிக் குடும்பத்துச் சிறு விலங்கு) ஏதாவது இரையைப் பிடித்ததும் பொய்யாக எச்சரிக்கைக் குரல் கொடுக்கும், மீர்கேட் போட்டுவிட்டு ஓடும், இது எடுத்துக்கொள்ளும். டாம் ஃபிளவரும் கூட்டாளிகளும் 2014-இல் காட்டிய சங்கதி இன்னும் சுவையானது. ஒரே குரலை மறுபடி கொடுத்து ஏமாறுபவர்கள் சலித்துவிட்டால், அது வேறோர் இனத்தின் எச்சரிக்கைக் குரலுக்கு மாறிவிடுகிறது.

விரிதாளில் இதைக் கொண்டுவர, ஒவ்வொரு குரல்வகைக்கும் தனித்தனி நம் வையுங்கள். பறவை எப்போதும் நம் அதிகமுள்ள குரலையே தேர்ந்தெடுக்கட்டும். பயன்படுத்தாத குரல்களுக்குப் பொ சுழியம், எனவே அவற்றின் நம்பிக்கை மெ வீதத்தில் தானாக ஏறிவரும். இரண்டு குரலில் தொடங்கி மூன்று, நான்கு என்று கூட்டிப் பாருங்கள். எத்தனையாவது குரலுக்கு மேல் பறவைக்குக் கூடுதல் லாபம் இல்லாமல் போகிறது என்பதை மெ, பொ இரண்டையும் மாற்றி மாற்றித் தேடலாம்.